வரி இல்லை என்று சொல்லாத குற்றம்

கூடலூரில் ஆடிட்டர் வெள்ளியங்கிரியின் அலுவலகத்தில் மெட்டில்டா காலை ஒன்பதரையிலிருந்து காத்திருந்தாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சேரங்கோட்டுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்ததில் ஒரு நாள் சம்பளம் போயிற்று. தொழிலாளர் சிக்கனக் கடன் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. இயக்குநர்கள் ஐந்து பேருக்கும் சம்பளம் கிடையாது. கூட்டத்தன்று டீயும் வடையும் உண்டு, அதுவும் வடை மிஞ்சினால்.

சங்கத்தின் வங்கிக் கணக்கை வருமான வரித் துறை முடக்கிவிட்டது என்பது நேற்றுத்தான் தெரிந்தது. ஃபாக்டரியில் வேலை பார்க்கும் வேலுமணிக்குக் கோயமுத்தூரில் இருதய ஆபரேஷன். காப்பீடு போக மீதி எண்பதாயிரத்தை நாளைக் காலை எட்டு மணிக்குள் கட்டினால்தான் சேர்ப்பார்கள். அவர் மனைவி பேச்சியின் பெயரில் அதற்கான சங்கக் கடனுக்குப் போன வாரமே கையெழுத்துப் போட்டவள் மெட்டில்டா.

பன்னிரண்டு மணிக்கு வெள்ளியங்கிரி கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க சங்கத்துக்கு வரியே கிடையாதுங்க. ஆனா கிடையாதுங்கறதை அக்டோபர் கடைசிக்குள்ள தாக்கல் பண்ணிச் சொல்லியிருக்கோணும். நீங்க டிசம்பர்ல சொன்னீங்க. சலுகை போயிருச்சு. இப்ப மொத்த லாபத்துக்கும் வரி, அதுக்கு மேல வட்டி. அதைக் கட்டலேன்னுதான் கணக்கை முடக்கியிருக்காங்க."

"தணிக்கை பண்ற சாரு வந்ததே நவம்பர்லதானுங்க. அவரு கையெழுத்தில்லாம எப்படிங்க தாக்கல் பண்றது?"

"அவரு கூட்டுறவு டிபார்ட்மெண்ட். இது வேற டிபார்ட்மெண்டுங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டிருக்காங்க. உங்க போனுக்கு மூணு தடவை மெசேஜ் வந்திருக்குது."

அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் டவர் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் செல்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, டவர் கிடைக்கும் வளைவில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். ரிட்டயரான வாட்ச்மேன் மாரிச்சாமி அடியில் உட்கார்ந்து காவல் காப்பார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துச் சேதி கேட்டு வைப்பார். இங்கிலீஷில் வரும் மெசேஜ்களெல்லாம் கடன் விளம்பரம், போனை ரொப்புகிற குப்பை என்று ஒன்றுவிடாமல் அழித்துவிடுவார். அதற்காக அவருக்கு எல்லோரும் பீடி வாங்கிக் கொடுத்தார்கள், மெட்டில்டாவும்தான்.

"அப்பீல் போடலாங்க. ஆறு மாசமாவது ஆகும்" என்றார் ஆடிட்டர்.

"நாளைக்குக் காலைல பணம் கட்டோணுங்க."

அவர் அப்பீல் காகிதங்களை அவள் பக்கம் நகர்த்தினார். நல்ல மனுஷர், பீஸ் வாங்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. நாள் முழுக்க மழையில் கொழுந்து பறித்த கை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அவள் எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கியபோது பேச்சியும் வேலுமணியும் கோயமுத்தூர் பஸ்ஸுக்குத் தயாராக நின்றிருந்தார்கள். வேலுமணி ஆபீஸ் கிளார்க்கிடம் இரவல் வாங்கிய ஷூ போட்டிருந்தார்.

"கெடச்சுதுங்களாக்கா?" என்று பேச்சி ஓடிவந்தாள்.

"இல்ல புள்ள. கணக்கைப் பூட்டிட்டாங்க."

"நாம என்னங்கக்கா தப்புப் பண்ணினோம்?"

"வரி இல்லேன்னு நேரத்துல சொல்லலையாம்."

பேச்சி புரிந்ததுபோலத் தலையாட்டினாள். அதைப் பார்க்க மெட்டில்டாவால் முடியவில்லை.

பஸ் வந்து நின்றது. "ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர். யாரும் அசையவில்லை. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

வேலுமணி கல்லில் உட்கார்ந்தார். பேச்சி குனிந்து லேஸை அவிழ்த்தாள். ஷூக்களைச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஜோடியாகப் பைக்குள் வைத்தாள். வேலுமணி வெறுங்காலோடு லயத்து மேட்டில் ஏறத் தொடங்கினார். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார்.