ஏலத்தில் போன உமைமா

மங்கோலியத் தலைநகர் உலான்பத்தோரில் காலை ஒன்பது மணி என்றால் சென்னை காசிமேட்டில் ஆறரை. வினையே அதுதான். நேர்காணலுக்கு அழைத்தவர்கள் தங்கள் ஊர்க் கணக்கில் நேரம் குறித்துவிட்டார்கள். மீன் ஏலம் கொதிக்கிற நேரம் அது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

வீட்டில் சிக்னல் நிற்காது. ஐஸ் ஆலை வாசலில், அம்மா அஜீசாவின் இடியாப்பக் கடையில்தான் நன்றாகக் கிடைக்கும். அங்கேதான் உமைமா லேப்டாப்போடு உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூட நாளில் துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பலில் ஒரு கொடியைப் பார்த்தாள். மங்கோலியக் கொடி. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்று தெரிந்ததும் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. செல்போனிலேயே மங்கோலிய மொழி படித்தாள். கடலே இல்லாத நாட்டின் மொழியில் கடலுக்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு இங்கே புத்தகமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. இந்த உதவித்தொகை கிடைத்தால் போய்ப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் கூரியர் ஆபீஸ் வேலை காத்திருந்தது.

ஏலம் கூறும் கெங்கம்மா டீ குடிக்க வந்தவள், பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தாள்.

"கடலே இல்லியா அங்க?"

"இல்லக்கா."

"மீனு?"

"ஆத்துல கீதாம்."

"பாவம்."

திரையில் இரண்டு பேர். உலான்பத்தோர் ஆய்வு மையத்தின் ஒயுன் அம்மையார். ஐரோப்பாவில் எங்கோ நடுராத்திரியில் கம்பளிச் சட்டையோடு மங்கோலிய மொழிப் பேராசிரியர் ஹென்ரிக். அரைமணி நேரம் கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஒயுன், "எங்கள் மையத்தில் ஒரு வருஷம் இடம், நூலக அட்டை. சம்மதமா?" என்றார்.

தலையாட்டப் போன உமைமாவின் முகவாயைக் கெங்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி கேட்டாங்க?"

உமைமா சொன்னாள்.

"மொத கொரலுக்கே குடுத்தா சரக்கு அழுகலுன்னு நெனைப்பாங்க. நவுரு." திரையைப் பார்த்துக் குரலை எடுத்தாள். "நூலக அட்டை ஒருதரம். வேற யாரு?"

எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே உமைமா அதை மங்கோலியத்தில் சொன்னாள். ஹென்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வருஷமும் நல்ல மாணவர்களை ஒயுனிடம் பறிகொடுத்தவர் போலிருக்கிறது. "எங்களிடம் வந்தால் ஆவணக் காப்பகத்தையே திறந்துவிடுவேன்."

"தனி ஆசிரியர்" என்றார் ஒயுன்.

"பழைய சுவடிகளின் படம் மொத்தமும்."

"மேய்ச்சல் குடும்பத்தோடு கூடாரத்தில் மூன்று மாதம்."

"கூடாரம் நானும் தருவேன்."

"உங்கள் ஊரில் கூடாரம் ஏது?"

"என் தோட்டத்தில் போடுவேன்."

ஒயுன் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு குதிரை."

அதற்குள் சுற்றிக் கூடிவிட்ட மீன்காரிகள் கூடைகளை இறக்கி வைத்தார்கள். "குதிரை ஒருதரம்" என்றாள் கெங்கம்மா. அடுப்படியிலிருந்து அஜீசா, "பல்லு எப்பிடின்னு கேளு" என்றாள். நல்ல பல்தான் என்று பதில் வந்தது. ஹென்ரிக்கின் படம் அணைந்துபோயிற்று.

"ரெண்டுதரம். மூணுதரம்." கெங்கம்மா ஐஸ் தூளைக் கைநிறைய அள்ளி உமைமாவின் தலையில் வைத்தாள். விலைபோன கூடைக்கு அப்படித்தான் வைப்பாள்.

செப்டம்பரில் வந்துவிடு என்று சொல்லி ஒயுன் இணைப்பைத் துண்டித்தார். உமைமாவுக்கு அழுகையும் பசியும் சேர்ந்து வந்தன.

"மா, ரெண்டு இடியாப்பம்."

அஜீசா தட்டை எடுக்கவில்லை. "ஏலம் போன சரக்குல நாம கை வைக்கக் கூடாது."

"செப்டம்பர்லதாம்மா போவணும்."

"அதுவரிக்கும் ஐஸ் ரூமு" என்றாள் கெங்கம்மா. "அந்த ஊரு குளிரும் அப்டிதானே. பழவிக்கட்டும்."

சுமைக்காரர்கள் இருவர் பெஞ்சோடு அவளைத் தூக்கிப்போய் வஞ்சிரக் கூடைகளுக்கு நடுவே இறக்கினார்கள். பல் கிடுகிடுக்க உமைமா ஒயுனைக் கூப்பிட்டாள். வாசலில் அஜீசா தட்டோடு நின்றாள்.

"அந்தம்மா கிட்ட கேளு. குடுக்கலாமா?"

உமைமா கேட்டாள்.

"தேங்காப்பாலு கீதான்னு கேக்குறாங்க."

"கீதுன்னு சொல்லு."

அனுமதி வந்தது. அஜீசா உள்ளே வந்து, தன் முக்காட்டுத் துணியை மகளின் தோளில் சுற்றிவிட்டு, இரண்டுக்கு நாலாக வைத்தாள்.

"போதும்மா."

"துன்னுடி. அடுத்தவங்க சரக்கு. நம்மகிட்ட கீற வரிக்கும் எளைக்கக் கூடாது."