தயிர் மட்டும் ஒத்துக்குதாக்கும்

அன்புச்செல்விக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஆனால் தயிர், நெய், பன்னீர், ஐஸ்கிரீம் என்று பாலிலிருந்து வரும் எதைக் கண்டாலும் நாக்கு ஊறும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்று கேட்காதவர்கள் குறைவு. பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

துடியலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுதியில் கொடுக்கும் பாலைக் காலையில் குடித்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு கடமுடா என்று சத்தம் போடும். நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். வெளியில் போய்ப் பார்த்த டாக்டர் ஒருவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பால், தயிர், நெய், எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றார். அவளும் நிறுத்தினாள். ரசம் சோற்றோடு கை கழுவுவது பந்தியில் பாதியிலேயே எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. தினமும் கோபத்தோடு சாப்பிட்டாள்.

அவளுடைய மருத்துவமனையிலேயே உணவு ஆலோசகராக இருந்த, அவள் வயிற்றுத் தொல்லை தெரிந்த சாமுவேல்தான் ஒருநாள் கேண்டீனில் அவள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, தயிரை எதுக்கு ஒதுக்கி வெச்சுட்டீங்க? பால்ல இருக்கற ஒரு சர்க்கரைதான் உங்களுக்குச் செரிக்கறதில்லை. பால் தயிராகி நல்லாப் புளிக்கப் புளிக்க அந்தச் சர்க்கரை கொறஞ்சு போகும். நெய்யில அது கிட்டத்தட்டக் கெடையாது. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட்டுப் பாருங்க. ஐஸ்கிரீம் மாதிரி எதாச்சும் வேணும்னா அதுக்கு முன்னாடி போட்டுக்க மாத்திரை இருக்குங்க."

அன்றைக்கே ஒரு கரண்டி தயிர் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கிண்ணம் கிண்ணமாகப் பழகினாள். எது எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்துபோயிற்று. நன்றாகப் புளித்த தயிர் எவ்வளவு வேண்டுமானாலும். பன்னீர் அளவாக. காபியில் பால் நிறம் மாறுகிற மட்டும். முழு டம்ளர் பால் மட்டும் எந்தக் காலத்திலும் இல்லை.

அதன் பிறகு கேண்டீனில் வேறொரு தொல்லை தொடங்கியது. அவள் நெய் ரோஸ்ட் வாங்கினால், "பால் ஆகாதுன்னு சொன்னே, இப்ப நெய் மணக்குது?" என்று ஒருத்தி கேட்பாள். தயிர்ச் சோற்றைத் திறந்தால், "டாக்டரை ஏமாத்தறியா, வயித்தை ஏமாத்தறியா?" என்று இன்னொருவர் சிரிப்பார். சர்க்கரை நோய்க்காரர் ஜிலேபியைத் தொட்டால், பாவம், ஆசைப்படுகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். தனக்கு ஒத்துக்கொள்வதைத் தான் சாப்பிட்டால் மட்டும் எப்படிப் பொய்க்காரி ஆகிறோம் என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

கேலி செய்யாத ஒரே ஆள் அக்ஷயா. அதே பிரிவில் கூட வேலை செய்தவள். மதியம் தன் டிபனிலிருந்த தயிரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "எங்க தோட்டத்துத் தயிரு, புளிச்சே கெடக்குது, உனக்குத்தான் செட் ஆகும்" என்பாள். தோட்டம் என்றால் அவளுடைய கணவன் நிதீஷின் குடும்பத் தோட்டம், அன்னூருக்குப் பக்கத்தில். தென்னையும் எருமைகளும் இருந்தன. அங்கேயே புதிதாக வீடு கட்டிப் பால் காய்ச்சும் நாளுக்கு அக்ஷயா மருத்துவமனையில் எல்லாரையும் கூப்பிட்டாள். மற்றவர்கள் மாலை விருந்துக்கு வருவதாகச் சொன்னார்கள். அன்புச்செல்வி மட்டும் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி முடிந்திருந்தது. கூடம் நிறைய உறவுக்காரர்கள். நிதீஷின் அம்மா ராசாத்தாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா அம்மணி, வா. நீதான் அக்ஷயா சொல்ற அன்பா? எந்த ஊரு கண்ணு உனக்கு?"

"பல்லடம் பக்கங்கம்மா." ஊர்ப் பெயரையும் சொன்னாள்.

"அடடே, அங்க நம்ம சொந்தமெல்லாம் இருக்குதே. ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதானுங்க."

ராசாத்தாளின் சிரிப்பு குறையவில்லை. கை மட்டும் விலகியது. "உக்காரு அம்மணி, பாலு குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவரே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். அன்புச்செல்வியின் முன் தட்டு வந்தபோது அவள் கையைக் கூப்பினாள்.

"எனக்கு வேண்டாங்கம்மா. பால் குடிச்சா வயித்துக்கு ஆகறதில்லீங்க."

"புது ஊட்டுப் பாலை வேண்டாங்கக் கூடாது கண்ணு. நம்ம தோட்டத்து எருமைப் பாலு. தண்ணி ஒரு சொட்டு இல்லை."

"அதனாலதான் இன்னும் ஆகாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "சாப்பாடு நல்லாச் சாப்பிடறனுங்கம்மா. பால் மட்டும் விட்டுருங்க."

அப்போதுதான் தட்டில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். ஒரு காகிதக் கப். சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்புசாமி, நிதீஷின் பெரியப்பா, வெள்ளிபோல் மின்னும் எவர்சில்வர் டம்ளரில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் கையிலும் எவர்சில்வர்தான். சமையலறை வாசலில் இருந்த மேசையில் அதே டம்ளர்கள் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

வயிறு சரியாக இருந்திருந்தால் அந்தக் கப்பை எடுத்து மடமடவென்று குடித்திருப்போம், எதையும் கவனித்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். எழுந்தால் அக்ஷயாவின் நல்ல நாள் கெடும். உட்கார்ந்தே இருந்தாள்.

இலை போட்டார்கள். பொங்கல், இட்லி, கேசரி, பெரிய பாத்திரத்தில் தயிர் வடை. பரிமாறிய பெண் அவள் இலையில் ஒரு வடையை வைத்து மேலே கெட்டித் தயிரை ஊற்றினாள். அன்புச்செல்வி ஒரு வாய் எடுத்தாள். புளிப்பும் இஞ்சியும் சரியாகக் கூடியிருந்தன. என்ன கோபத்தில் இருந்தாலும் நாக்கு நல்லதை நல்லது என்றுதான் சொல்லிற்று.

ராசாத்தாள் அவள் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தயிர் மட்டும் ஒத்துக்குதாக்கும்?"

"ஒத்துக்கும்ங்கம்மா. தயிர் வேற, பால் வேறங்க."

"ரெண்டும் ஒரே எருமை மடியில இருந்துதானே வருது?" ராசாத்தாள் பக்கத்துப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். குரல் உயர்ந்தது. "ஒடம்புக்கு ஆகலைங்கறதெல்லாம் சும்மாங்க. மனசுல வேற என்னமோ. அந்தக் காலத்துல இவங்க சனமெல்லாம் நம்ம ஊட்டு மோருக்குக் கொல்லைப்பக்கம் காத்துக் கெடந்தாங்க. இன்னைக்குப் பாலைக் கொண்டுபோய்க் குடுத்தா வேண்டாங்கறாங்க. காலம் அப்படி ஆகிப்போச்சு."

அன்புச்செல்வி கையிலிருந்த வடைத் துண்டை இலையில் வைத்தாள்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? எனக்குப் பால் ஆகாதுன்னு நான் சொன்னது பொய்னே வெச்சுக்கங்க. எல்லாருக்கும் டம்ளர்ல குடுத்தீங்க. எனக்கு மட்டும் எதுக்குங்க காகிதக் கப்பு?"

"டம்ளர் பத்தலை அம்மணி."

"அங்க மேசை மேல கவுத்து வெச்சிருக்குதுங்களே."

ராசாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புசாமி தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதீஷ் அவசரமாக வந்தான்.

"விடுங்க, விடுங்க. இன்னைக்கு நல்ல நாளு. அம்மா பெரியவங்க, ஏதோ பேசிப்போட்டாங்க."

"நல்ல நாளுன்னுதானுங்க நானும் வந்தேன்" என்றாள் அன்புச்செல்வி. "உங்க அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போடறேன். எங்கம்மா பழனியாத்தாள் மோருக்குக் காத்துக் கெடந்தது நெசந்தான். சாணி அள்ளி, தீவனம் வெச்சு, பால் கறந்து குடுத்துட்டுக் காத்துக் கெடந்தாங்க. இப்படி ஒரு ஊட்டுல கறந்த பாலுல ஒரு சொட்டு அவங்க வாய்க்குப் போனதில்லை. நானு பால் வேண்டாம்னு சொன்னது என் வயித்துக்காக. உங்களுக்கு அது பொறுக்கலை. நாங்க வேண்டாம்னு சொல்ற எடத்துக்கு வந்துபோட்டோம்னு பொறுக்கலை."

சமையலறை வாசலில் நின்ற அக்ஷயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அன்புச்செல்வி காத்திருந்தாள். சொல்லவில்லை.

அப்போது போய்விட அவளுக்கு மனசு வரவில்லை. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னொரு வடை வையுங்க. தயிர் நெறைய ஊத்துங்க."

அந்தப் பெண் ராசாத்தாளைப் பார்த்தாள், அப்புறம் ஊற்றினாள். அன்புச்செல்வி நிதானமாகச் சாப்பிட்டாள். கடைசிச் சொட்டுத் தயிரையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். கை கழுவி, "வாரேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கோவில்பாளையம் வரைக்கும் அழுகை வரவில்லை. அங்கே ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பழனியாத்தாள் முழுவதையும் கேட்டார்.

"ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னியா?"

"ஆமாம்மா."

"தயிரு நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அதுதான் இன்னும் எரிச்சலு."

பழனியாத்தாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று முகம் இறுகியது. "அந்தப் புள்ள, உன் சிநேகிதக்காரி, என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதைக் கேளு" என்றார் பழனியாத்தாள். "அந்தக் கெழவியை விடு. அந்தப் புள்ளையக் கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. புது வீட்டு லீவு முடிந்து வந்த அக்ஷயாவே திங்கள்கிழமை மதியம் டிபனோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை பேசினது தப்புதான் அன்பு. ஆனா நீயும் மாத்திரை போட்டுட்டுக் குடிச்சிருக்கலாம்ல? ஒரு வாய்தானே? பிரச்சினையே வந்திருக்காது."

அன்புச்செல்வி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"என் மாத்திரையை எதுக்குப் போடணும்னு நான் முடிவு பண்ணுவேன் அக்ஷயா. ஐஸ்கிரீமுக்குப் போடுவேன். பாதாம் அல்வாவுக்குப் போடுவேன். எனக்குச் சந்தோஷம் வரதுக்குப் போடுவேன். உங்கத்தை குடுத்த காகிதக் கப்பை நான் கவனிக்காம இருக்கறதுக்குப் போட மாட்டேன்."

அக்ஷயாவின் கண் கலங்கியது. வெகுநேரம் டிபன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கப்புல பால் ஊத்தினது நான்தான்" என்றாள் கடைசியில். "அத்தை உள்ளார வந்து சொன்னாங்க. தினமும் உன்கூட உக்காந்து ஒரே டிபன்ல சாப்பிடறவ நானு. மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. ஊத்திப்போட்டேன்."

அன்புச்செல்வி அவளைப் பார்த்தாள். ராசாத்தாளின் மேல் வந்த கோபத்தைவிட இது அடியாழத்தில் வலித்தது.

"சொன்னியே, அது சரி" என்றாள். "ஆனா பரவால்லைன்னு என்னால இப்ப சொல்ல முடியாது. பரவாயிருக்குது."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்டக் கேக்காதே. உங்க ஊட்டுல போய்ப் பேசு. எல்லாரும் இருக்கறப்பப் பேசு, என்னைப் பேசினப்ப எல்லாரும் இருந்தாங்கல்ல, அந்த மாதிரி."

அக்ஷயா தலையாட்டினாள். பேசுவாளா மாட்டாளா என்று அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை. தன் டிபனிலிருந்த தயிரை வழக்கம்போல் இந்தப் பக்கம் தள்ளப் போனவள், பாதியில் கையை நிறுத்திக்கொண்டாள்.

அன்புச்செல்வி தன் பையைத் திறந்து, வழியில் தானே வாங்கிய தயிர் டப்பாவை எடுத்தாள். மூடியைக் கிழித்து, சோற்றில் கொட்டிப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கொஞ்சம் புளிப்பு குறைவு. பரவாயில்லை, நன்றாகவே இருந்தது. மதியத்தின் முதல் நோயாளி வந்துவிட்டதாக ஆயா வந்து கூப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள்.