சான்று தேவை

...பூட்டியிருக்கலாம்தான், யார் இல்லையென்றது, முதல் வாரமே அந்தப் பக்கத்தைப் பூட்டியிருந்தால் அந்தச் சங்குக்காரன் அதில் கை வைத்திருக்கவே முடியாது, எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை, பிறகு ஏன் அமுக்கவில்லை என்று இந்தச் சிவப்பிரகாஷ் கேட்கிறான், சேலத்திலோ ஓசூரிலோ உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாது, குரல் தெரியாது, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்துகிற இணையக் களஞ்சியத்தில் என்னைப் போல இன்னொரு நிர்வாகி, அவ்வளவுதான், அவன் கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டுமா... சொல்லித்தான் ஆக வேண்டும், எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் அல்லவா கேட்டு வைத்திருக்கிறான். "நாசரேத்வாசி ஐயா, இத்தனை மாதமாக இந்தத் தொகுப்புப் போர் நடக்கிறது, பக்கத்தை ஏன் பூட்டவில்லை? இந்தப் பயனரை நிரந்தரமாகத் தடை செய்துவிடலாமா? இன்று மாலைக்குள் சொல்லுங்கள்." ஐயாவாம். நாசரேத்வாசி என்று பெயர் வைத்துக்கொண்டு, பிழை திருத்திக்கொண்டு, சண்டை தீர்த்துக்கொண்டு இருந்தால் அது ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள், ஐம்பது வயது ஜெபசுதா, கப்பல் ஏஜென்சியில் கோப்பு பார்க்கிறவள், கல்யாணம் ஆகாதவள் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை, ஐயா என்றால் மரியாதையாகவாவது இருக்கிறது, அக்கா என்றால் அடுத்த கேள்வி வீட்டில் யார் யார் என்பதுதான்.

சனிக்கிழமை மத்தியானம், ஆபீசில் எல்லோரும் போயாச்சு. நான் மட்டும் இருக்கிறேன், கட்டை ஏற்றி வந்த கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிறது, அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிற பைலட் ஏறிவிட்டார் என்று போன் வந்தால் நான் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும், அதுவரை சும்மா இருக்க வேண்டும். போகிறபோது பேச்சிச்செல்வி வாசலில் நின்று, "ஏக்கா, அந்தக் கப்பலுக்கா உக்காந்திருக்கிய, அது நாளைக்குத்தான் வரும்னு சொல்லுதாவ, வீட்டுக்குப் போங்க" என்றாள், நல்ல பிள்ளை, ஆனால் வீட்டுக்குப் போய் என்ன செய்ய. மில்லர்புரத்தில் மாடி வீடு, ஒரு ஆளுக்குச் சமைக்கிற வீடு, மீன்காரி கூட என்னைக் கண்டால் முகத்தைத் தூக்குகிறாள், நாலு சாளை கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது. சொந்த ஊர் நாசரேத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது, தம்பி பெவின் குடும்பத்தோடு மஸ்கட்டில், கிறிஸ்மஸுக்குக் கேக் படம் அனுப்புவான். தனியாக இருக்கிறது எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன், பழகவில்லை, பழகினமாதிரி இருக்கப் பழகியிருக்கிறேன். ஹார்பர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று போனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அதன் பிறகு சத்தமே இல்லை.

சரி, போர் என்று சிவப்பிரகாஷ் சொல்கிறானே, என்ன போர் அது... சிலுவைத்துறை என்று ஒரு சின்ன ஊர், கடற்கரையில் கோயிலும் நூறு வீடும், அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது, ஏழெட்டு வரி, கடைசியில் 'குறிப்பிடத்தக்கவர்கள்' என்று ஒரு தலைப்பு, கீழே ஒன்றும் கிடையாது, அந்த ஊரில் மந்திரியோ பிஷப்போ யாரும் பிறக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் சங்குகுளி என்று பெயர் வைத்த ஒருவன் அந்தத் தலைப்புக்குக் கீழே எழுதினான், 'பிரைட்டன், சங்கு குளிப்பவர், படகு கவிழ்ந்து கடலில் கிடந்த மூன்று பேரைக் காப்பாற்றியவர், இவரைப் போல நல்லவர் இந்தக் கரையில் இல்லை' என்று. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அழித்தேன், காரணம் எழுதுகிற கட்டத்தில் 'சான்று தேவை' என்று போட்டேன். மறுநாள் திரும்ப எழுதியிருந்தான், அவனுடைய காரணக் கட்டத்தில், 'நானே சான்று ஐயா, அவன் என் அண்ணன்' என்று. அது எப்படிச் செல்லும், ஒவ்வொருத்தரும் தன் அண்ணனை எழுதினால் களஞ்சியம் என்னத்துக்கு ஆகும், புத்தகமோ பத்திரிகையோ சொல்லியிருக்க வேண்டும், அதுதான் விதி, அழித்தேன். மூன்றாம் நாள் திரும்பவும் அதே வரி, ஆனால் காரணக் கட்டத்தில் சண்டை இல்லை, 'சாப்ட்டியளா ஐயா?' என்று இருந்தது.

அந்தக் கட்டம் எதற்கு இருக்கிறது, ஏன் மாற்றினாய் என்று ஒரு வரியில் சொல்வதற்கு, எழுத்துப்பிழை, இணைப்பு சேர்ப்பு, இந்தமாதிரி. அதில் வந்து சாப்ட்டியளா என்று கேட்கிறவனை நான் என்ன செய்ய. எச்சரிக்கை வார்ப்புரு ஒன்று இருக்கிறது, அதை எடுத்து, அவனுக்குச் செய்தி விடுகிற பேச்சுப் பக்கத்தில் ஒட்டினேன், 'தங்கள் தொகுப்புகள் இடையூறாக அமைந்துள்ளன' என்று தொடங்கும், சான்றை எந்த முறையில் எழுத வேண்டும் என்பதோடு முடியும், அது என் கடமை. பிறகு அவன் வரியை அழித்தேன். அழித்துவிட்டு அந்தக் கட்டத்தில் 'சான்று தேவை' என்று எழுதி, கை நின்று, பின்னாலேயே 'சாப்பிட்டேன்' என்று எழுதினேன். ஏன் எழுதினேன்... கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா, அவ்வளவுதான், அவ்வளவுதானா? அன்றிலிருந்து தினம் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து வருவான், கடலுக்குப் போய்விட்டுக் கரையேறுகிற நேரம் போலிருக்கிறது, வரியைப் போடுவான், கட்டத்தில் 'என்ன கறி?' என்பான், நான் வரியை எடுப்பேன், 'சான்று தேவை. நெத்திலி அவியல்' என்பேன். 'இன்னைக்குக் கச்சான் காத்து, தண்ணி கலங்கிக் கிடக்கு, குளிக்கப் போகல' என்பான், 'சான்று தேவை. இங்கேயும் புழுதி' என்பேன். ஒரு நாளைக்கு ஒரு முறைதான், அதற்குமேல் மாட்டான், ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மாற்றி மாற்றிப் போட்டால் தடை என்று விதி இருக்கிறது, அவனுக்கும் அது தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது, இரண்டு பேரும் விதிக்குள்ளேதான் இருந்தோம். இதற்குச் சிவப்பிரகாஷ் வைக்கிற பெயர் போர்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை, வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் போட்டது, எடுத்தது, போட்டது, எடுத்தது, மாதக் கணக்கில் ஏணிப்படி மாதிரி போகிறது, பார்க்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒரே பக்கத்தில் இவ்வளவு இடையூறு எந்தப் பயனரும் செய்ததில்லை என்று எழுதியிருக்கிறான். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், என் ஒரு சொல் பாக்கி, நான்தான் பாதிக்கப்பட்டவளாம், இல்லை, பாதிக்கப்பட்டவராம். தடை செய்யலாம் என்று சொன்னால் முடிந்தது, அவன் கணக்கு போய்விடும், நாளைக்கு மத்தியானம் யாரும் என்ன கறி என்று கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பான், பக்கத்தை ஏன் பூட்டவில்லை என்று திரும்பவும் அங்கேயே வருவான், அதற்கு என்ன எழுத... பூட்டினால் அவன் வர மாட்டான், அதனால் பூட்டவில்லை என்று எழுதவா? நாசரேத்வாசி ஐயா இப்படி எழுதினால் சிரிப்பார்கள். இந்த ஆபீசில் என்னோடு பத்து வருஷம் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது, எங்கேயோ கிடக்கிற ஒரு சங்குக்காரனுக்குத் தெரியும்.

ஆனால் அவன்தான் நாலு நாளாகக் காணோமே. செவ்வாய்க்கிழமை கடைசியாக வந்தான், 'அண்ணன் சங்கு குளிக்கப் போட புது முகமூடி வாங்கியிருக்கான், பெரிய சந்தோசம்' என்று எழுதினான், நான் எடுத்தேன், அதோடு சரி. புதன்கிழமைதான் சிவப்பிரகாஷ் இந்தத் தடைப் பேச்சை ஆரம்பித்தான், பயந்துவிட்டானா, பயந்தாங்கொள்ளிப் பயல், இவ்வளவுதானா உன் அண்ணன் பாசம் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. நேற்றுப் பொரித்த ஊளி மீன், எழுதவே இடம் இல்லை, அவன் போட்டால்தானே நான் எடுக்க முடியும். ராத்திரி ஒருமுறை என்ன நினைத்தேன், நானே வேறு பெயரில் உள்ளே போய் அந்த வரியைப் போட்டால் என்ன... சீ, நிர்வாகி செய்கிற காரியமா அது, நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. பைலட் ஏறிவிட்டாரா என்று போனைப் பார்க்கிறேன், இல்லை. எந்தப் பக்கத்தை யார் மாற்றினார்கள் என்று காட்டுகிற கவனிப்புப் பட்டியலைப் பார்க்கிறேன்... சிலுவைத்துறை, சற்றுமுன், சங்குகுளி.

வந்துவிட்டான். வந்தானே. திறந்தேன், அதே வரி, 'இவரைப் போல நல்லவர் இந்தக் கரையில் இல்லை' என்பது மட்டும் இல்லை, எடுத்துவிட்டிருந்தான், காவியம் பாடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வரியின் முடிவில் சின்னதாக ஒரு எண், அமுக்கினால் கீழே போகிறது, கீழே சான்று. பத்திரிகையின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண், எல்லாம் நான் அவன் பேச்சுப் பக்கத்தில் ஒட்டிய முறைப்படி, அரைப்புள்ளி கூடத் தப்பவில்லை, இவ்வளவு நாளும் படித்துத்தான் இருக்கிறான். காரணக் கட்டத்தில், 'ஐயா சான்று வந்துட்டு. இனிமே தொந்தரவு இல்ல.' சாப்ட்டியளா இல்லை. என்ன கறி இல்லை. முதலில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், குறை தேடினேன். பக்க எண் சரியா, உள்ளூர்ப் பதிப்பை ஏற்கலாமா, ஒரே ஒரு செய்தி போதுமா, இரண்டு சான்று வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா, ஏதாவது ஒன்று கிடைத்தால் எடுத்துவிடலாம், எடுத்தால் நாளைக்கு வருவான். ஒன்றும் கிடைக்கவில்லை, குறை சொல்ல முடியாத சான்று, அதன் பிறகுதான் அந்தச் செய்தியைத் திறந்து படித்தேன்.

வியாழக்கிழமைப் பேப்பர், ஐந்தாம் பக்கம், கீழே, சின்னச் செய்தி. சிலுவைத்துறையைச் சேர்ந்த பிரைட்டன், சங்கு குளிக்கச் சென்றபோது மூச்சுத் திணறி இறந்தார், சில ஆண்டுகளுக்கு முன் படகு கவிழ்ந்து தத்தளித்த மூவரைக் காப்பாற்றியவர் இவர் என்று ஊர் மக்கள் தெரிவித்தனர், திருமணமாகாத இவருக்கு ஆன்டனி என்ற தம்பி இருக்கிறார். ஆன்டனி. பெயர் அதுதானா. நான் தேவை தேவை என்று கேட்டது இப்படித்தான் வந்து சேர வேண்டுமா, அந்த மனுஷன் செத்தால்தான் பேப்பரில் போடுவார்கள், பேப்பரில் போட்டால்தான் நான் விடுவேன், இதை எந்த விதியில் யார் எழுதி வைத்தது... அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து, அந்தப் பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்க எண் முதற்கொண்டு ஒவ்வொன்றாக அடித்திருக்கிறான். சிவப்பிரகாஷ் அதற்குள் எழுதிவிட்டான், 'தகுந்த சான்று தந்துள்ளார், தடை தேவையில்லை, உரையாடல் முடிந்தது, பொறுமைக்கு நன்றி ஐயா.' எல்லோரும் நல்லவர்கள், எல்லாம் முறையாக முடிந்துவிட்டது.

அவன் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். மேலேயிருந்து கீழே வரை என் எச்சரிக்கைகள், ஒன்றின் கீழ் ஒன்று, வேறு யாரும் அவனுக்கு ஒன்றும் எழுதியதில்லை. துக்க வீடு எங்கள் ஊரில் என்றால் எனக்குத் தெரியும், போவோம், கையைப் பிடிப்போம், பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவோம், காப்பி வந்தால் வேண்டாம் என்று சொல்லாமல் குடிப்போம், இங்கே எந்தக் கையைப் பிடிக்க. புதிய தலைப்பு என்ற இடத்தை அமுக்கினேன், கீழே வெள்ளையாகக் கிடக்கிறது, ஆழ்ந்த இரங்கல் என்று அடித்தேன், அழித்தேன், வருந்துகிறேன், அழித்தேன். ஆன்டனி, சாப்ட்டியளா என்று அடித்தேன், அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, பங்குனியிலிருந்து தினமும் அவன் கேட்டான், நான் என்ன கறி என்று பதில் சொன்னேன், ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருக்கிறேனா... சிலுவைத்துறையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, பங்குனியில் தொடங்கி ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், நெத்திலி, சாளை, புழுதி, தலைவலி, சான்று தேவை, சான்று தேவை, ஒரு இடத்தில்கூட நீங்க என்ற சொல்லைக் காணோம். போன் அடிக்கிறது, பைலட் ஏறிவிட்டாராக இருக்கும், அடிக்கட்டும், ஆனி மாதம் வரைதான் வந்திருக்கிறேன், இன்னும் பாக்கி இருக்கிறது, எங்கேயாவது ஒரு தடவை கேட்டிருப்பேன்.