ஒரு கேன் கடல்தண்ணீர்

மணவாளன் செத்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள், அவன் பெண்சாதி ஜெயம்மாவைத் தவிர. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அப்படியும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். நாத்தனார் குப்பம்மாள் ஒருநாள் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். மறுநாள் அதற்கும் சேர்த்துப் போட்டாள். ஜெயம்மா இரண்டையும் ஒரே மாதிரி சாப்பிட்டு எழுந்தாள். நாக்கு மரத்துக் கிடந்தது.

மணவாளனுக்கு அம்மையார்குப்பத்துத் தறிகளில் லுங்கி எடுத்து மெட்ராசில் போடுகிற வியாபாரம். ரயிலில் போகும்போது மூட்டை, வரும்போது கேன். கேன் நிறையக் கடல்தண்ணீர். அவன் குடியிருந்த திருத்தணியில் குடிதண்ணீருக்கே குடம் வரிசையில் நிற்கும். இவன் முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்த்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது ஒரு ஜோடி, மஞ்சள் வாலோடு நீலமாய் ஒன்று. மலைமேல் முருகனுக்கு மயில், தெருவில் மணவாளனுக்கு மீன் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களே பிள்ளைகளைக் கூட்டிவந்து வேடிக்கையும் காட்டினார்கள்.

கரண்ட் போனால் தெருவில் தறிச்சத்தம் நிற்கும், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரும் நிற்கும். அப்போதெல்லாம் ஜெயம்மா சொம்பில் மொண்டு, காப்பி ஆற்றுவதுபோல் தொட்டித் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருப்பாள். புதுத் தண்ணீர் ஊற்றியதும் மணவாளன் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, "ஆங், சரியா கீது" என்பான். என் குழம்பை ஒருநாளாவது இப்படி ருசி பார்த்ததுண்டா என்று அவள் இடிப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுவே பெரிய சண்டை.

மாரடைப்பு ரயில் ஸ்டேஷனிலேயே அவனைக் கொண்டுபோய்விட்டது.

பிணம் எடுத்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக்கூடாது. குப்பம்மாள் குடம், அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்தாள். கொல்லையில் மூடிவைத்திருந்த இரண்டு டிரம் கடல்தண்ணீரையும் வாழையடியில் கொட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உப்புத் தண்ணீருக்கு விலக்கு உண்டென்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. தொட்டியை மட்டும் எப்படிக் கவிழ்ப்பது என்று தெரியாமல் விட்டாள். நாலைந்து நாளில் வாழை கருகியது. வாயில்லாத மரங்கூடத் துக்கம் காக்கிறது என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். உப்பு தின்ற மரம் என்று ஜெயம்மாவுக்குத் தெரியும். சொல்லத் தோன்றவில்லை.

மாற்றாத தொட்டித் தண்ணீர் பழுப்பேறி நாற ஆரம்பித்தது. நீலமீன் ஒருபக்கமாய்ச் சாய்ந்து மூச்சு வாங்கியது. அவன் விட்டுப்போனதில் உயிருள்ளது இந்த மூன்றுதான். இதுவும் செத்து, அப்போதும் தனக்கு ஒன்றும் தோன்றாமலே போய்விடுமோ என்று ஜெயம்மா பயந்தாள். அந்தப் பயம் மட்டும் எங்கோ தூரத்தில் தெரிந்தது.

மணவாளன் தம்பி தேசப்பன் சாம்பலைக் கடலில் கரைக்க மெட்ராஸ் புறப்பட்டான். அவன் கையில் ஜெயம்மா காலி கேனைக் கொடுத்தாள்.

"வரும்போது கடல்தண்ணி புடிச்சிகினு வா தம்பி."

சொன்ன வேலையை வரிசை மாறாமல் செய்கிற பிள்ளை தேசப்பன். சாயங்காலம் நிறைந்த கேனோடு வந்து முன்னறையில் இறக்கினான். ஜெயம்மா மூடியைத் திருகும்போது குப்பம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. எங்கே பிடித்தாய் என்றாள். கரைத்த இடத்திலேயே என்றான்.

"முன்னாடியா, கரைச்ச பின்னாடியா?"

"கரைச்சிட்டு, முழுகி எழுந்து, அப்பறந்தான்க்கா..." பாதியிலேயே அவனுக்கும் புரிந்து முகம் செத்துவிட்டது.

கரைத்தால் திரும்பிப் பார்க்கவே கூடாது. இவன் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். குப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். சாக்கடையில் ஊற்றிவிட்டுத் தலை முழுகச் சொன்னாள். தேசப்பன் கேனுக்குக் கை நீட்டினான். ஜெயம்மா பிடியை விடவில்லை.

"வூடு தேடி வந்தவர சாக்கடையில ஊத்தச் சொல்றீங்களா அண்ணி?"

குப்பம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஜெயம்மா பழைய தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு வெளியே கொட்டினாள். புதுசைச் சொம்பு சொம்பாக, மீன் மிரளாமல், ஓரமாய் ஊற்றினாள். பட்டைமீன் இரண்டும் மூலையை விட்டு வந்தன. நீலம் சாய்ந்தபடியே இருந்தாலும் வாலை அசைத்தது. அவன் செய்வதுபோல் அவள் விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

உப்பு கரித்தது. நாக்கில் தொட்டுத் தொண்டை வரைக்கும் கரித்தது.

"ஆங், சரியா..." என்று ஆரம்பித்தாள். மீதி வரவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.