உதடு நனையாத திராட்சரசம்

1

நான் செய்த ஓர் அசிங்கத்திலிருந்து பிறந்த கதை இது. ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் பெரியவள் என்று எழுதுகிறேன். நீங்களும் கண்டுகொள்ளாதீர்கள்.

2

பெரியவள் பக்தி மிகுந்தவள், ஆலயத்தில் எல்லோரும் அவளை

(வேண்டாம். பொய்யிலா தொடங்குவது?)

ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள்கள் இரண்டு பேர். சின்னவளுக்குக் காசநோய் வந்து, எட்டு மாதம் மாத்திரை விழுங்கி, குணமாகிவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதன்பின் ஆலயத்தில் வந்த முதல் திருவிருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். சின்னவள் கிண்ணத்துத் திராட்சரசத்தைக் குடித்தாள். போதகர் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துப் பெரியவளிடம் நீட்டினார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு கிண்ணத்தைச் சாய்த்தாள். ஆமென் மட்டும் கணீரென்று சொன்னாள்.

3

(இடையில் ஒன்று. எல்லோருக்கும் ஏன் ஒரே கிண்ணம்? ஒருவர் எச்சிலை ஒருவர் அருவருக்காத இடம் உலகத்தில் ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பதினாறு வருடம் சொல்லிக்கொடுத்தவள் யார் தெரியுமா? பெரியவளேதான்.)

4

வெளியே செருப்பு மாட்டும்போது சின்னவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“இன்னைக்கு ரசம் ரொம்பப் புளிப்பு, இல்லக்கா?”

“ஆமாமா, கொஞ்சம் புளிப்புதான்.”

சின்னவள் செருப்பு வாரை நிதானமாக இழுத்துவிட்டாள்.

“தேன் மாதிரி இனிச்சுதுக்கா. அடுத்த தடவை நான் கடைசி ஆளா வர்றேன். எனக்கப்புறம் யாரும் நடிக்க வேண்டாம் பாருங்க.”

பெரியவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். பஸ் எங்கே வந்தது, முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே.

5

முடிவு ஒன்று: அடுத்த மாதம் பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப்போய், அவளுக்குப் பின் மடமடவென்று குடிக்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே அழித்தேன். ஊர் பார்க்க நடிக்கத் தெரிந்தவள் இன்னொரு முறையும் நடிப்பாள்.

முடிவு இரண்டு: சமையலறையில், யாரும் இல்லாதபோது, “என்னை மன்னி

(நாலு வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன்.)

6

நாளை திருவிருந்து. முடிவை என்னிடம் விட்டால் பெரியவளை நல்லவளாக்கிவிடுவேன். கை தானாக அந்தப் பக்கம் போகிறது. ஆகவே கீழே பாதிப் பக்கம் விட்டுச் சின்னவளிடம் கொடுக்கப்போகிறேன். அவள் என்ன எழுதினாலும் ஓர் எழுத்தும் மாற்றாமல் படியுங்கள். ஒன்றும் எழுதாமல் திருப்பித் தந்தால், அந்த வெற்றிடத்தையும் படியுங்கள்.