மொட்டை நிப்பு

இறந்துபோன என் மனைவியின் அலமாரியைக் காலிசெய்ய மச்சினன் வந்திருந்தான். அவளுடைய தம்பி; லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பதினான்கு மாதங்களாக நான் அதன் கதவைத் தொடவில்லை. இறுகிப்போயிருக்கும் என்று ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். இறுகவில்லை. சும்மா திறந்தது.

மேல்தட்டில் ஒரு நோட்டு. அதன்மேல் கறுப்பு மைப்பேனா ஒன்று.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துத் தன் கையெழுத்தும் கெட்டுவிட்டதென்று, இனி மைப்பேனாதான் என முடிவுசெய்து பழைய சாமான் கடையில் அதை வாங்கினாள். அது எழுதவில்லை. என்னிடம் கொடுத்தாள். நான் பல் லேபில் இருக்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்லுக்கு மேல்மாட்டும் கேப் செய்வது என் வேலை. இத்துனூண்டு பொருளை லென்ஸ் வைத்துத் தேய்க்கிற கை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். பல ஞாயிறுகள் போயின. என் மேசையிலிருந்து பேனாவை அவளே திரும்ப எடுத்துக்கொண்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீடு திரும்பவில்லை.

நோட்டின் முதல் பக்கம் முழுக்க மையில்லாத கீறல்கள். அடியில், பால்பாயிண்ட்டில்:

"இவன் இதைச் சரிபண்ண மாட்டான். பந்தயம். தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்."

இந்தப் பந்தயத்தை அவள் என்னிடம் சொல்லவேயில்லை.

மச்சினன் படித்தான். சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா ஜெயிச்சிட்டா மாமா."

"கடைசித் தேதின்னு எதுவும் எழுதலையே," என்றேன்.

பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். அந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்று ஒன்று வேண்டியிருந்தது. அவளை ஜெயிக்க வேண்டும்.

முதலில் கழுவினேன். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்ததும் பேனாவிலிருந்து பச்சை நூல்போல மை இறங்கியது. அவள் மை அல்ல. அவள் ஊற்றியது நீலம். முன்பு யாரோ ஊற்றிக் காயவிட்ட பச்சை. மூன்றாம் நாள்தான் நீர் தெளிந்தது. லென்ஸில் பார்த்தபோது நிப்பின் இரண்டு முனைகளில் ஒன்று மயிரிழை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் தாழ்த்தினேன். எழுதியது; ஆனால் தாளைப் பிறாண்டிக்கொண்டு. இதைக் காட்டினால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அந்த நிப்பில் கைவைக்கும் முன் பழகிக்கொள்ள ஒரு மலிவான பேனா வாங்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு பேனா நான்கானது. மைப்புட்டிகள் ஆறு. மழைமேகச் சாம்பல் ஒன்று, காய்ந்தபின் விளிம்பில் மட்டும் சிவக்கும் நீலம் ஒன்று. ஒரே மை ஒரு தாளில் ஊறிப் பரவியது, இன்னொரு தாளில் மேலேயே நின்று மினுங்கியது. எழுத விஷயம் இல்லாததால் மளிகைப் பட்டியல் எழுதினேன். பருப்பு என்று ஆறு முறை எழுதியிருக்கிறேன், ஆறு நிறத்தில். லேபிலிருந்து கேப்போடு திருப்பி அனுப்பிய ஓர் அச்சில் என் நீலப் பெருவிரல் ரேகை பதிந்துபோய்விட்டது. அந்த டாக்டர் போன் செய்து, தன் நோயாளி மை குடித்ததாகச் சொல்லவில்லையே என்றார். நான் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

மை விற்றவர் சொல்லித்தான் பேனாக்காரர்கள் கூடும் இடம் தெரிந்தது. நூலகத்தின் பின்னறை, மாதத்தின் முதல் ஞாயிறு. ஏழு பேர். ஊசிமருந்து வைக்கும் பையில் பதினோரு பேனா கொண்டுவரும் நர்ஸ் ஒருவர். என் வயதே ஆன டயர்கடைக்காரர் ஒருவர். அவரவர் பேனாவை அடுத்தவரிடம் எழுதக் கொடுப்பார்கள். மூடியை மட்டும் தரமாட்டார்கள். மூடி கையில் இருந்தால் பேனா திரும்பி வந்துவிடும் என்பது கணக்கு. எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்று மாதம் மலிவு நிப்புகளில் பழகினேன். பிறகு அவள் பேனாவை லேபுக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில், கேப்புக்குப் போடும் பாலிஷைப் போட்டு, மென்சக்கரத்தில் முனையைக் காட்டினேன். பிறாண்டல் போயிற்று. அப்போதே நிறுத்தியிருக்கலாம். என் தொழில் நிறுத்தவிடவில்லை. லென்ஸில் பார்த்தால் நிப்பின் நுனியில் ஜன்னலின் பிம்பம் தெரியும்வரை தேய்த்தேன்.

மை நிரப்பி 'அ' எழுதினேன். தலையில்லாத 'அ' வந்தது. மறுபடியும் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தும் பாதியிலிருந்து தொடங்கியது. அழுத்தினால் மை வந்தது, விட்டால் போனது. முன்பு பிறாண்டிக்கொண்டாவது எழுதிய பேனா. அதையும் கெடுத்துவிட்டேன். அந்த வாரம் மைப்புட்டிகளைத் திறக்கவில்லை.

முதல் ஞாயிறன்று டயர்கடைக்காரர் லென்ஸில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மொட்டை டயர்," என்றார்.

"புரியலண்ணே."

"ரொம்ப வழவழன்னு ஆக்கிட்டீங்க. நடுப்பிளவோட ஓரம் உருண்டுபோச்சு. மை உள்ளயே நிக்குது, தாளைத் தொடல. ரோட்டைத் தொடாத டயர் எதுக்கு?"

சரிசெய்யலாமா என்று கேட்டேன். நுனியில் இருக்கும் கடினமான உலோகம் கடுகில் பாதி. அதில் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். கூடிப்போனால் நிப்பே குப்பை. அவர் பேனாவை மேசையில் வைத்தார். நர்ஸ் அதை என் பக்கம் நகர்த்தினார். "யாரோட பேனான்னு தெரிஞ்சப்புறம் நாங்க எப்படிங்க கைவைக்கிறது," என்றார்.

திங்கட்கிழமை வழக்கம்போல ஒரு கேப்பை முடித்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். உள்பக்கம் அப்படி இருக்கக் கூடாது. அங்கே மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்குவோம். இல்லாவிட்டால் சிமெண்ட் பிடிக்காது, இரண்டாம் நாளே கேப் சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடும். ஒன்பது வருடமாகத் தினமும் செய்கிற காரியம். கேப்பின் உள்பக்கத்தைப் பார்த்தேன், சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அதன் நுனியைப் பார்த்தேன்.

மதியம் இருப்பதிலேயே நைசான உப்புத்தாளை எடுத்தேன். ஒரு சொட்டு நீர். பேனாவின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் நிப்பால் அதன்மேல் எட்டு என்ற எண்ணைப் போட்டேன், மூன்று முறை. துடைத்து 'அ' எழுதினேன். தலையில்லை. இன்னும் மூன்று. தலையில்லை. இன்னும் மூன்று. ஒரு கோடு, மயிர்போல. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டே இரண்டு.

முழு 'அ'.

அடுத்து ஆ. அடுத்து இ. தாளில் வைத்த நொடியே மை இறங்கியது. அழுத்தவேண்டியிருக்கவில்லை. பிறாண்டவில்லை, வழுக்கவுமில்லை, தாள் இருப்பது விரலுக்குத் தெரிந்தது. அஃகன்னா வரை போய், மறுபடி தொடங்கினேன்.

"வந்துடுச்சு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து மேசைக்காரர் எந்தப் பல் என்று கேட்டார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் நோட்டை எடுத்தேன். பால்பாயிண்ட் வரிகளுக்குக் கீழே எழுதினேன்.

"சரிபண்ணிட்டேன். தோத்துட்ட."

கடைசி எழுத்து அவளுடைய கீறல் ஒன்றின்மேல் விழுந்தது. மை அந்தப் பள்ளத்தில் நகம் அளவு ஓடி நின்றது. நான் துடைக்கவில்லை. தேதி போட்டேன்.

ஞாயிறன்று மச்சினன் வந்தான். நேரே சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். ஒரு டம்ளர்கூட மிச்சமில்லை. ஆறு நாள் பாத்திரம் தொட்டி நிறைந்து மேடைவரை ஏறியிருந்தது.

"என்ன மாமா இது?" குரல் இறங்கியிருந்தது. நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று பயந்துவிட்டான்.

"இந்த மாசம் என் முறை இல்ல," என்றேன்.

நோட்டை நீட்டினேன். அவளுடைய வரியைப் படித்தான். என் வரியைப் படித்தான். பேனாவைக் கேட்டான். மூடியை வைத்துக்கொண்டு கொடுத்தேன். தன் பெயரை எழுதினான், அக்கா பெயரை எழுதினான். இரண்டும் முதல் எழுத்திலிருந்தே வந்தன. பேனாவைத் திருப்பித் தந்தான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தான்.

"தோத்த கட்சிக்கு நான்தானே மிச்சம்," என்றான்.

நான் நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"அடிப்பக்கமும் தேய்," என்றேன்.