கடைசி அறையின் தடித்த முட்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பது கௌரவமான சொல். பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டேன் என்பதுதான் சரி. பழைய கடிகாரங்களை வைத்திருக்கும் அறையில் ஒருவன், முழங்கால் உயரத்தில் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றில் இடறி விழப்போனான். நாங்கள் நாலைந்து பேர் சிரித்துவிட்டோம். அவனோடு வந்த பெண் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒருவன் கால் இடறியதற்கு இவ்வளவு பயமா என்ற கேள்வியோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு புகழ்பெற்ற கடிகாரக்காரர் ஒருவர் வாழ்ந்து" வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "அன்று காலையிலிருந்தே அக்காவுக்கு மனசு சரியில்லை." இது பொய். காலையில் அவள் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். சுற்றி வளைக்காமல் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

2

அவள் அக்கா. கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிறவள். அவன் தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகள் அவனை 'பைலட் அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வீட்டில் கீழே அவள், மாடியில் அவன்.

தம்பிக்கு ஒரே ஒரு பைத்தியம். அந்த அருங்காட்சியகக் கடிகாரங்களைச் செய்த கடிகாரக்காரர் நம்முடைய முன்னோர்களில் ஒருவர் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறான். ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இவன் இரண்டு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்துச் சொந்தங்களின் வாயைக் கிளறி, தலைமுறை தலைமுறையாகக் கோத்துக்கொண்டே போனான். நடுவில் ஒரே ஓர் ஆள் மட்டும் அகப்படவில்லை. கடிகாரக்காரருக்கு விழா எடுக்கப்போகிறார்கள், வாரிசுகளை மேடையேற்றுவார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்காவையும் இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டான்.

காப்பாளர் அம்மா நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டாள்.

"அவரோட பேரன் வரைக்கும் எங்ககிட்ட இருக்கு. உங்க கொள்ளுத் தாத்தாவிலேருந்து நீங்க சொல்றீங்க. நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போச்சே."

"அந்த ஒரு ஆளுக்காக எங்களை விட்டுருவீங்களா மேடம்?"

"ஏற்கெனவே ரெண்டு குடும்பம் வந்துட்டுப் போயிருக்கு. ஒருத்தர் பேர் வாங்கிட்டா வாரிசுக்கா பஞ்சம்? ஆதாரம் கொண்டு வாங்க, நானே வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறேன்."

தம்பியின் முகம் தொங்கிப்போனது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த அறைக்குப் போகும்வரை வந்தது.

3

கடைசி அறையில் கடிகாரங்களை வருஷப்படி வைத்திருந்தார்கள். போகப் போக அவற்றின் முகம் பெரிதாகிக்கொண்டே போனது. முட்கள் தடித்தன. நகாசு வேலை நின்றுபோனது. கடைசிக் கடிகாரத்தில் எண்கள் மேடாக, விரலால் தடவிப் பார்க்கும்படி எழும்பி நின்றன.

"இது அவரோட முதிர்ச்சிக் காலம். நுணுக்கத்தையெல்லாம் உதறிட்டு எளிமைக்கு வந்துட்டார்" என்றாள் காப்பாளர்.

அக்காவுக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். கடைசி வருஷங்களில் அவருடைய எழுத்துகளும் இப்படித்தான் பெருத்துக்கொண்டே போயின. கேட்டால், "பளிச்னு இருக்கட்டுமே" என்பார். இருட்டினால் வாசலைத் தாண்ட மாட்டார். நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் வைத்த டம்ளரைக் கை தட்டிவிடும். சுவரைப் பிடித்து நடக்கும் நிலை வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். இது வழிவழியாக வருகிற வியாதி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், பிள்ளைகளின் கண்ணையும் காட்டுங்கள் என்றார் டாக்டர். அக்கா காட்டினாள். அவளுக்கு இல்லை. தம்பி, "எனக்குக் கழுகுக் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அக்கா அந்தத் தடித்த முட்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவன் கயிற்றில் இடறினான். கயிறு சிவப்பு நிறம். அறையில் நல்ல வெளிச்சம்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது, அவசரத்தால் இங்கேயே: ஒரு கண்ணோயை வைத்துக்கொண்டு யாரும் வம்சம் சொல்ல முடியாது. அது எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. கிழவர் உண்மையிலேயே எளிமைக்கு வந்தும் இருக்கலாம். தடித்த முள் வம்சத்துக்குச் சாட்சி ஆகாது. கயிற்றில் இடறிய கால் பஸ்ஸுக்கு ஆகும்.)

4

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் விட்டுப்போன கண்ணியைப் பற்றியே பேசினான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டு தரம் வாயெடுத்தாள்.

"டேய், அப்பாவுக்கு வந்த மாதிரி..."

"அப்பாவை ஏன்க்கா இப்ப இழுக்கறே?"

அவன் கேட்ட வேகம் எனக்கே பிடிக்கவில்லை. இந்த இடத்தில்தான் தம்பியின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. முதல் இரண்டு வரைவுகளில் அவன் ஒன்றும் அறியாத அப்பாவி. மூன்றாவதில், சாயங்கால டிரிப்பை வேறொரு டிரைவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று என் கை தானாக எழுதியது. "சாயங்காலம் டிராஃபிக் தாங்கலக்கா" என்று அவனே காரணமும் சொல்லிவிட்டான். கேட்காமலே காரணம் சொல்கிறவனை எப்படி நம்புவது? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

கண் போவது அவனுக்குத் தெரியாது என்று எழுதினால் அவன் பாவம். தெரியும் என்று எழுதினால் அவன்

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த பஸ்ஸை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை. பைலட் அண்ணா என்று கூப்பிட ஆள் இருக்காது. அதனால்தான் ஒரு பெரிய மனிதரின் வாரிசாக வேண்டும் என்று இத்தனை அவசரமோ என்னவோ. எனக்கு அவனைப் பிடிக்கிறது, அதுதான் தொல்லை.

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அக்கா பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுகிறாள். பிள்ளைகள் தப்பித்தார்கள். அதன்பிறகு தம்பி மாடியிலிருந்து இறங்கவேயில்லை. இதை எழுதி, படித்து, கிழித்தேன்.

அக்கா அவனிடமே சொல்கிறாள். அவன், "கூடப் பொறந்தவளே என் பொழைப்புல மண்ணைப் போடறியா?" என்கிறான். அவள் அழுகிறாள். அவனும் அழுகிறான். விடிந்ததும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இதையும் கிழித்தேன்.

கெட்டிக்காரத்தனமாக ஒன்று: உண்மையான வாரிசு யாரென்று தெரிந்துவிடுகிறது, இவர்கள் இல்லை. ஒரு வம்சத்தை ஒரே வரியில் அறுப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் கடிகாரக்காரர் போனாலும் அப்பா இருக்கிறாரே. அவரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

6

இனி எழுதப்போவதை நான் யோசித்து வைக்கவில்லை.

மறுநாள் காலை. வாசலில் பஸ். தம்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். சாவி பஸ்ஸுக்குள் வழக்கமாக மாட்டும் ஆணியில் இல்லை. அக்கா முந்தியே எடுத்துவிட்டாள். அவள் பஸ்ஸில் ஏறி அவன் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவன் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"சாவியப் பாத்தியாக்கா?"

"எங்கிட்டதான் இருக்கு."

"குடு, நேரமாச்சு."

அவள் சாவியை, வளையம் சத்தம் போடாமல் இறுக்கிப் பிடித்து, அவன் கன்னத்துக்கு நேராகப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி நீட்டுகிறாள். கடவுளே, இது அவன் கண்ணில் பட்டுவிடட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள்.

"எடுத்துக்கோ" என்கிறாள்.

அவன் கை முன்பக்கமாகக் காற்றில் துழாவுகிறது.

"எங்க?"

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். அவன் தலையைத் திருப்பினால் போதும், சாவி தெரியும். அது எவ்வளவு நேரமாக அங்கேயே இருக்கிறது என்பதும் தெரியும். சிரித்து மழுப்புவானா, பிடுங்கிக்கொள்வானா, இறங்கி வந்து படியில் உட்கார்ந்துவிடுவானா? அவள்தான் கையை மூடிக்கொள்வாளா? எனக்குத் தைரியம் இல்லை. தெருமுனையில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அவன் தலையை நீங்கள் திருப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்று: தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளில் ஒன்று உங்கள் பிள்ளை. அவன் உங்கள் தம்பி. இப்போது எழுதுங்கள்.